பெரட்டுக் களமும் மரபுப் பதிவேடும்

(கலும்பாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டப் பள்ளியில் ஆயுள் முழுக்கப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியிருக்கிறார்கள். மேடையில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதை மதிக்கிறேன். “மரபிடப் பாதுகாப்பும் தேச அடையாளமும்” என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. இதைக் கையில் வாங்கிய அன்று என் நினைவுக்கு வந்தது கோட்டையோ கோபுரமோ இல்லை. பெரட்டுக் களம்தான் வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயர் கூப்பிடும் இடம்

விடிவதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாக எங்கள் ரப்பர்த் தோட்டம் எழுந்துவிடும். ஆபீசுக்கு முன்னால் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒவ்வொரு வீடாக மண்ணெண்ணெய் விளக்கு எரியத் தொடங்கும். அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, பால் சுமக்கும் காண்டா வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என் தங்கையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவார். களத்தில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்னும் வருகைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. கூப்பிட்ட பெயருக்குக் குரல் வர வேண்டும். குரல் வந்தால் புத்தகத்தில் ஒரு கோடு. கோடு விழுந்தால்தான் பால் வெட்ட மர நிரை கிடைக்கும், நிரை கிடைத்தால்தான் சம்பளம்.

தங்கைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், அம்மா சற்றுப் பிந்திவிட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் பெயர் தாண்டிவிட்டது. திரும்பி வந்து வாசற்படியில் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் கூலி போன வருத்தம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆள் உயிரோடு நிற்கும்போதே அவர் இல்லை என்று ஒரு புத்தகம் எழுதிவிடும் என்பதும், அந்த எழுத்தே அன்றைக்குச் செல்லும் என்பதும் பின்னால்தான் புரிந்தது.

மலேசிய நாட்டுக்கும் இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம், அதாவது 645ஆம் சட்டம், 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின்படி மரபு ஆணையர் ஒருவர் இருக்கிறார். மரபுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கட்டடம், இடம், பொருள், கலை, வாழும் கலைஞர் என்று எல்லாவற்றையும் அதில் பதியலாம். பதிந்தவற்றுள் மிகச் சிறந்தவற்றை அமைச்சர் ‘தேசிய மரபு’ என்று அறிவிக்கலாம். இந்த நாடு எதையெல்லாம் தன்னுடையது என்று சொல்கிறது என்பதற்கு அந்தப் பதிவேடே சாட்சி. 

அந்தப் பெரட்டில் நம் பெரட்டுக் களத்தின் பெயரைக் கூப்பிட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் என எல்லாம் சேர்ந்த ஒரு தோட்டக் குடியிருப்பாவது, முழுமையாக, இந்த நாட்டின் மரபிடமாகப் பதிவாக வேண்டும். அது வட சிலாங்கூரில் அமைவது பொருத்தம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஆற்றுக்கு அக்கரையும் மலைக்கு மேலும்

நம் ஊரிலிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் பெர்ணம் ஆறு. பாலத்தைத் தாண்டினால் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிம். அங்கே 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். அதன் பழைய ‘சுலுஹ் புடிமான்’ கட்டடத்தைத் தேசிய மரபாக அறிவித்து, உள்ளே தேசியக் கல்வி அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறார்கள். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகள் அங்கே ஆசிரியர்களானார்கள், எழுத்தாளர்களானார்கள். 1938இல் இளம் மலாயர் சங்கத்தை நிறுவிய இப்ராஹிம் யாக்கோப் அந்தக் கல்லூரியில் படித்தவர். அந்த மண்டபத்துக்குள் நிற்கும்போது இந்த நாட்டின் விடுதலை உணர்வு எங்கே முளைத்தது என்பது ஒரு மாணவனுக்குத் தானாகவே விளங்கும். அந்தக் கட்டடத்தைக் காத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

அதே காலத்தில் ஆற்றுக்கு இக்கரையில் இன்னொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி எங்கே நடந்தது? கோயில் மண்டபத்தில், லயத்தின் கோடி வீட்டில், ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையில். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அந்தக் கொட்டகைகளிலிருந்து நாடு விடுதலை பெற்ற 1957க்குள் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன. இன்று ஏறத்தாழ 530 இருக்கின்றன. அக்கரைக் கல்லூரிக்கும் இக்கரைக் கொட்டகைக்கும் நடுவே ஓர் ஆறுதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த நாட்டின் கல்வி வரலாறு முழுமை பெறும். ஒன்றைப் போய்ப் பார்க்கலாம். மற்றொன்றைப் பார்க்க இடமில்லை.

கோல சிலாங்கூரிலும் இதுதான் கதை. மலாவத்தி மலைமேல் ஏறினால் பீரங்கிகள் இருக்கின்றன. அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ‘அல்டிங்ஸ்பர்க்’ என்று பெயர் வைத்த கோட்டையின் அடையாளங்களும் 1907ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. சிலாங்கூர் சுல்தானகத்தின் தொடக்கம் அந்த மலையில் பத்திரமாக இருக்கிறது. மலையிலிருந்து கீழே இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால், தென்னமரம் தோட்டம் வரும். பெயரைக் காதால் கேட்டாலே தமிழ் கேட்கும். மலேசியாவில் செம்பனையை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடம் அதுதான். நட்டது 1917இல். நடச் செய்தவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த மண்ணைப் பற்றி ‘மலேசி’ என்ற நாவலை எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவர்.

உங்கள் சட்டைப்பையில் 50 ரிங்கிட் நோட்டு இருந்தால் வெளியே எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். துங்கு அப்துல் ரஹ்மானின் படத்தோடு செம்பனை மரங்கள் தெரியும். நாடு தன் பணத்திலேயே அச்சிட்டுக்கொண்ட மரம் அது. அந்த மரத்தின் முதல் நிரைகள் நின்றது நம் வட்டாரத்தில். நட்டவரின் பெயரைப் பிரெஞ்சு இலக்கியம் வைத்திருக்கிறது. குழி வெட்டியவர்கள், களை எடுத்தவர்கள், குலை சுமந்தவர்கள் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்? பழைய செக்ரோல்களில் இருந்திருக்கும். நான் ஒரு தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பழைய செக்ரோல் இருக்கிறதா என்று கேட்டேன். ஆபீஸ் இடம் மாறியபோது பழைய தாள்களையெல்லாம் போட்டு எரித்துவிட்டார்களாம். சொன்னவர் இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவை காக்க வேண்டியவை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாட்டின் கதைக்குள் தோட்டம்

தோட்டத்தின் வரலாறு இந்தியர் வரலாறு, அதை இந்தியர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் நினைப்பதுண்டு. நம்மவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை என்பதற்கு இந்த வட்டாரமே சான்று.

1877இல் கோல கங்சாரில் நட்ட சில கன்றுகளிலிருந்து தொடங்கிய பால்மரம், 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயாவிலிருந்து அனுப்பும் அளவுக்குப் பெருகியது. சாலையும் ரயிலும் துறைமுகமும் அந்தப் பாலில் எழுந்தவை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் கிள்ளான் துறைமுகத்து முகாமிலும் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள் அந்தப் பாலை வெட்டினார்கள். 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, பல்லாயிரம் பேரைத் தோட்டங்களிலிருந்துதான் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தை எழுதி வைத்தன. எழுத்தாளர்கள் வைத்தார்கள், ஆனால் ஆள் பிடித்த லாரி வந்து நின்ற களத்தில் ஒரு கல் இல்லை.

போர் முடிந்து வந்தது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசர காலம். 1948 டிசம்பர் 12 அன்று நம் உலு சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் காலிக்கு அருகே, சுங்கை ரெமோக் ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத 24 சீனக் கிராமவாசிகளைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் உறவினர்கள் லண்டன் நீதிமன்றங்களின் படியேறினார்கள். விசாரணை நடத்தக் கட்டாயமில்லை என்று 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு தோற்றாலும் நினைவு தோற்கவில்லை. அந்தக் குடும்பங்கள் கல்லறையைக் காத்தன, ஆண்டுதோறும் வணங்கின, பெயர்களை ஒப்பித்துக்கொண்டே இருந்தன. பால் வெட்டப் போனவர்களின் கதை என்பதால் அது நம் கதையும்கூட. அதே அவசர காலத்தில் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களுக்குள் அடைத்தார்கள். நம் லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள். வேலி இரண்டு பேருக்கும் பொது.

1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில், ஒரு காலை வேளைக்குள், கத்ரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியா வாங்கியது. வெள்ளைக்காரர் கையிலிருந்த தோட்டங்கள் நாட்டின் கைக்கு வந்த நாள் என்று அதை இன்றும் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். மண் நம்முடையதாகியது. அந்த மண்ணில் நான்கைந்து தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் வாழ்விடமும் நம்முடையது என்று கொண்டாடும் நாள் இன்னும் வரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நிலம் கைமாறியது, குடியிருப்புகள் காலியாயின. சுபாங் பக்கம் சீபில்ட் தோட்டம் இன்று இல்லை, ஷா ஆலத்தில் மிட்லண்ட்ஸ் தோட்டம் இல்லை. ஆனால் சீபில்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும், தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் மிஞ்சி நிற்கிறது. அது பள்ளியின் பெயர் மட்டுமில்லை. மறைந்துபோன ஓர் ஊருக்கு எஞ்சியிருக்கும் ஒரே நினைவுக்கல். பள்ளிப் பெயரிலிருந்து ‘தோட்டம்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம், பழசாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

பதியாததற்குப் பாதுகாப்பு இல்லை

கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கை எல்லாரும் அறிவீர்கள். நம் பழைய நூல்கள் கடாரம் என்று சொல்வது அந்தக் கெடா மண்ணைத்தான். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன இடம். அதற்கும் முன்னே நூற்றாண்டுக் கணக்கில் இந்து, பௌத்த வணிகர்கள் வந்து தங்கிய இடம். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அங்கே அகழ்ந்து பல கோயில் அடித்தளங்களை வரிசைப்படுத்தினார். புக்கிட் பத்து பகாட்டில் ஒன்றைச் சீரமைத்து நிறுத்தினார்கள். மெர்போக்கில் அருங்காட்சியகம் வந்தது.

அந்த வரிசையில் பதினொன்றாம் எண் பெற்ற கோயிலை 2013இல் வீடமைப்புக்காக நிலம் சமப்படுத்தியபோது மண்வாரி இயந்திரம் தள்ளிவிட்டது. செய்தி அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. நாடு முழுவதும் கொதித்தது. மற்ற இனத்தாரும் நம்மோடு சேர்ந்தே கொதித்தார்கள். கிடைத்த விளக்கம் என்ன? இடம் தனியார் நிலத்தில் இருக்கிறது, சட்டப்படி அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லுக்கே இந்தக் கதி என்றால் நூறாண்டு லயத்துக்கு என்ன காவல்?

அந்தக் கோயிலை ஆராய்ந்திருந்தார்கள், அதற்கு எண் கொடுத்திருந்தார்கள், புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் செய்யாமல் விட்டார்கள், பதியவில்லை. பாராட்டு ஒரு கட்டடத்தைக் காக்காது. கண்ணீரும் காக்காது. பதிவுதான் காக்கும்.

பதிவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓர் இடத்தைத் தேசிய மரபாக அறிவிக்கும்படி எவரும் அமைச்சருக்கு முன்மொழியலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ‘எவரும்’ என்றால் நீங்களும் நானும்தான். வரலாற்று முக்கியத்துவம், சமூக, பண்பாட்டுத் தொடர்பு, அருமை, கல்விக்குப் பயன்படும் தன்மை போன்றவை அளவுகோல்கள். பழமையோ அழகோ மட்டும் அளவில்லை. இடம் ஒரு மாநிலத்தில் இருந்தால் ஆணையர் அதை மரபிடமாக்கும் முன் மாநில அரசின் சம்மதத்தைப் பெற வேண்டும், ஏனென்றால் நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆபத்து நெருங்கினால் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கும் இடமுண்டு. ஆகவே நாம் தட்ட வேண்டிய கதவுகள் புத்ராஜெயாவில் ஒன்று, ஷா ஆலத்தில் ஒன்று, நிலச் சொந்தக்காரரிடம் ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும்.

துயரத்தை ஏன் காக்க வேண்டும்

இந்த யோசனையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். சென்ற மாதம் ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “ஐயா, அந்த லயத்துலேர்ந்து எம்புள்ளைங்களக் கரையேத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத எதுக்குக் கட்டிக் காக்கணும்? இடிஞ்சு போகட்டுமே.”

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. லயத்தில் பிறந்து வளர்ந்தவனாக அந்த அம்மாவின் கசப்பு எனக்குத் தெரியும். ஒரு சுவரை ஒட்டிப் பத்துக் குடும்பம், பொதுக் குழாய், எல்லை தாண்டத் தோட்டத்துத் துரையின் அனுமதி. கள்ளுக்கடை தின்ற குடும்பங்கள். இதையெல்லாம் பொன்முலாம் பூசிக் காட்டச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மொரீஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயியில் ‘ஆப்பிரவாசி காட்’ என்று ஓர் இடம் இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் போனார்கள். போஜ்புரிக்காரர்களோடு தமிழர்களும் தெலுங்கர்களும் மராத்தியரும் போனார்கள். அவர்களை இறக்கிப் பெயர் பதிந்த முகாம் அது. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. மிஞ்சியவற்றில் பேர்பெற்றவை பதினாறு கற்படிகள். கப்பலிலிருந்து வந்தவர்கள் கால் வைத்து ஏறிய படிகள். 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக ஏற்றது. இரண்டு ஆண்டுகளில், அதே தீவில், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லே மோர்ன் மலையும் உலக மரபிடமானது. ஒரு சிறு நாடு, தன் வரலாற்றின் இரண்டு பெரிய காயங்களைத் தன் இரண்டு பெரிய மரபிடங்களாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அது குன்றிப்போகவில்லை. ஆப்பிரிக்க வழியில் வந்தவரும் இந்திய வழியில் வந்தவரும், “இந்த நாடு எங்கள் இருவர் முதுகிலும் எழுந்தது” என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்ல முடிகிறது.

இலங்கையில் கம்பளைக்குப் பக்கம், பழைய பீகாக் தோட்டத்தில், லயக் காம்பராக்களையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றினார்கள். 1948இல் குடியுரிமையே பறிபோன மக்கள் அவர்கள். ‘நீங்கள் இந்த நாட்டவர் இல்லை’ என்று சட்டம் சொன்ன மக்கள், தாங்கள் புழங்கிய கூடையையும் கத்தியையும் கங்காணி காலத்துத் தாள்களையும் அந்தக் காம்பராவில் வைத்து, ‘இதோ நாங்கள் இருந்தோம், இந்த மண்ணில்தான் இருந்தோம்’ என்று சொன்னார்கள்.

ஆக, அம்மா, நாம் காக்கச் சொல்வது துயரத்தை இல்லை. துயரத்துக்கு நடுவே நீங்கள் எழுப்பியதை. லயத்தின் சுவரைத் துரை கட்டினார். அந்தச் சுவரையொட்டி மாட்டுக்கொட்டிலும் முருங்கை மரமும் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தது நீங்கள். மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றும் மதுரைவீரன் என்றும் கும்பிட்டு, திருவிழாவும் தீமிதியும் நடத்தி, வேற்றூர்க்காரர்களையெல்லாம் ஒரே தோட்டத்துக்காரர்களாக்கியது நீங்கள். பத்து ரிங்கிட் பத்து ரிங்கிட்டாகச் சேர்த்து, 1960இல், அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, துண்டாடப்படவிருந்த தோட்டங்களை விலைக்கு வாங்கிய தொழிலாளர்கள் நீங்கள். இதைப் பார்க்க உங்கள் பேரனுக்கு ஓர் இடம் வேண்டாமா?

யாருடைய மரபு

2024 பிப்ரவரியில், சிலாங்கூரின் சீனப் புதுக்கிராமங்களை உலக மரபிடமாக முன்மொழியலாம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னபோது எழுந்த சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டின் அடையாளத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நாளை நம்மிடமும் வரும். 1971இன் தேசியப் பண்பாட்டுக் கொள்கை, இந்த வட்டாரத்து மண்ணின் பண்பாட்டை அடித்தளமாகவும், பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்கத்தக்கவையாகவும் வகுத்தது. ‘பொருத்தமான’ என்ற அந்த ஒரு சொல்லின் பொருளைத்தான் அரை நூற்றாண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் இப்படிப் பார்க்கிறேன். பெரட்டுக் களம் தமிழ்நாட்டிலிருந்து வந்ததில்லை. தஞ்சாவூர் வயலில் பெரட்டுக் களம் கிடையாது. காண்டா வாளி கிடையாது.  இவை இந்த மண்ணில் பிறந்தவை. மலாய்க் கம்பத்துக்கும் சீனக் கடைக்கும் வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் நடுவில் பிறந்தவை. பெரட்டும் லயமும் வேறு நாட்டுத் தோட்டங்களிலும் இருக்கலாம், ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவில் உருவான வாழ்வு இந்த நாட்டின் மரபு. பொருத்தம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நமக்கும் ஒரு கடமை உண்டு. காக்கும் இடம் நம் சாதிப் பெருமைக்கோ கட்சிப் பெருமைக்கோ மேடையாகிவிடக் கூடாது. அந்தத் தோட்டத்து மலாய்க் காவலாளியின் கதையும் சீனக் கடைக்காரரின் கடன் நோட்டும் அங்கே இருக்க வேண்டும். இன்று அதே லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் படுத்து எழுகிறார்கள். தாய்நாட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞனைப் பார்க்கும்போது என் தாத்தாவைப் பார்க்கிறேன். நாம் பட்டதை நினைவில் வைப்பது, இன்னொருவர் அதைப் படாமல் பார்த்துக்கொள்ளவும்தான்.

இனிச் செய்ய வேண்டியது

மூன்று வேலை சொல்கிறேன். மூன்றையும் இந்த ஆண்டுக்குள் தொடங்க முடியும்.

முதலாவது, வீட்டில் இருப்பதை வெளியே எடுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, கப்பல் சீட்டு, பால் மங்கு, உளி. படத்தின் பின்னால் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று இன்றே பென்சிலால் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று நான் தள்ளிப்போட்ட மூன்று பேர் இப்போது இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் தோட்டத்தின் வரைபடத்தை வரையட்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாத்தா பாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், பெரட்டுக் களம் எங்கே, கொட்டகை எங்கே, கிணறு எங்கே, கோயில் முதலில் எந்த மரத்தடியில் இருந்தது என்று குறிக்கட்டும். கோல சிலாங்கூரிலிருந்து கலும்பாங் வரை இந்த வரைபடங்களைச் சேர்த்து வைத்தால், அதுவே நாம் அரசிடம் கொண்டுபோகும் முதல் ஆவணம்.

மூன்றாவது, அந்த ஆவணத்தோடு ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, நிலச் சொந்தக்காரரோடு பேசி, சட்டப்படி முன்மொழியுங்கள். அந்த மனுவில் மலாய், சீன ஆசிரியர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையைத் தேடிப் போய்த் துணை கேளுங்கள். பிள்ளைகள் காலையில் சுலுஹ் புடிமானைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் ஆற்றைத் தாண்டி வந்து லயத்தைப் பார்க்கும் ஒரு நாளை நான் கண்ணை மூடினால் காண்கிறேன். ஒரே பேருந்தில், எல்லா இனத்துப் பிள்ளைகளும்.

இலங்கைத் தோட்டங்களில் ஒரு வழக்கு உண்டு. நாள் முழுக்க வேலை செய்தால் ‘ஒரு பேர்’ என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தாலோ பிந்தி வந்தாலோ ‘அரைப் பேர்’ போடுவார்கள். கூலியைப் பெயரால் அளந்த சொல் அது. நம் முன்னோர் இந்த நாட்டுக்குச் செய்தது அரை நாள் வேலை இல்லை. விடியும் முன் எழுந்து, இருட்டிய பின் படுத்து, நான்கைந்து தலைமுறை செய்த முழு வேலை. பாடநூலில் ஒரு பத்தியும் விழாவில் ஒரு நடனமும் அதற்கு அரைப் பேர். மரபுப் பதிவேட்டில் ஓர் இடம், மண்ணோடும் சுவரோடும் பெயரோடும் இருந்தால்தான் முழுப் பேர்.

அன்று அம்மா களத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பெயர் தாண்டிவிட்டது. இந்தப் பெரட்டில் பெயர் தாண்டுவதற்குள் நாம் போய் நிற்க வேண்டும்.